கே குழுவோடு இலங்கைக்கு வரலாமா: ஒரு சுற்றுலா வழிகாட்டியின் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வயது 31, வேலை சென்னையில், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆண்களுக்கு மட்டும் நடத்தும் கே (தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள்) குழுப் பயணம், பன்னிரண்டு நாள், 14 பேர், நீர்கொழும்பில் இறங்கி சிகிரியா, கண்டி, எல்ல, யால, காலி, பெந்தோட்டை என்று சுற்றிக் கொழும்பில் முடிகிறது. அவர்கள் அனுப்பிய விளம்பரத்தாள் சாந்தமான பௌத்த நாடு, எல்லோரையும் சிரித்து வரவேற்கும் மக்கள் என்கிறது, இணையத்தில் தேடினால் பத்து வருடம் சிறை என்று வருகிறது, இதில் எதை நம்பி முன்பணம் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நேராக எழுதாத இன்னொரு கேள்வியும் அதற்குள் ஒளிந்திருப்பதாக எனக்குப் பட்டது: வெள்ளைக்காரர்கள் பதின்மூன்று பேரோடு வரும் ஒரே தமிழனுக்கு அங்கே என்ன நடக்கும்? முதல் கேள்விக்கு விடை சுருக்கம், விளம்பரத்தாளும் உண்மை, சிறையும் உண்மை. இரண்டாவதுக்குத்தான் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

நான் மாத்தளைக்காரன். உரிமம் வாங்கிய தேசிய வழிகாட்டியாகப் பதினெட்டு வருடம் இந்தத் தீவைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன், அதில் கே குழு என்று சொல்லியே வந்தவை ஒன்பது. சொல்லாமல் வந்தவை எத்தனையோ. நான் வக்கீல் இல்லை. என் குழுக்களில் வந்தவர்கள் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய அமெரிக்க, பிரித்தானிய, ஆஸ்திரேலிய ஆண்கள், பெண்கள் குழு ஒரே ஒரு முறைதான், அதனால் பெண்களுக்கும் திருநர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, வழிகாட்டியின் காதுக்கு வருவது நடந்ததில் பாதிதான், மீதிப் பாதியை விருந்தினர்கள் வெட்கத்தில் விழுங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள். உங்களுக்கு 31 என்பதால் இடையில் தம்பி என்று வந்துவிடும், குறை நினைக்க வேண்டாம்.

சட்டம் முதலில், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் போட்டது. அதன் 365ஆம் பிரிவு இயற்கை ஒழுங்குக்கு மாறான உறவு என்று சொல்லிப் பத்து வருடம் வரை சிறை வைக்கிறது, உங்கள் ஊர் 377க்கு ஒன்றுவிட்ட தம்பி. அடுத்து வரும் 365ஏ இரண்டு வருடம் வரை, இதில் உறவு என்றுகூட இல்லை, இன்னதென்று விளக்காத ஒரு இழிசெயல். 1995இல் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள், நீக்கப் போகிறார்கள் என்று சிலர் ஆசையோடு காத்திருந்தபோது, அதிலிருந்த ஆண் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள், அதனால் அதுவரை தப்பியிருந்த பெண்களும் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். இதுதான் எங்கள் சீர்திருத்தம். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6இல் உங்கள் உச்ச நீதிமன்றம் சம்மதத்தோடான உறவை 377இலிருந்து விடுவித்தது, அது இங்கே இன்னும் நடக்கவில்லை. 2016இல் ஒரு வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம் (பெயர் அப்படி இருந்தாலும் உங்கள் உச்ச நீதிமன்றத்தின் இடம் அதற்கு) வயது வந்தவர்கள் சம்மதத்தோடு செய்வதில் சட்டம் தலையிடக்கூடாது என்பது இன்றைய சிந்தனை என்று ஒப்புக்கொண்டது, சிறைத் தண்டனையையும் ஒத்திவைத்தது, ஆனால் சட்டம் இருக்கும்வரை குற்றம் குற்றமே என்று தீர்ப்பை அப்படியே விட்டுவிட்டது. 2023 மே மாதம், இந்தப் பிரிவுகளை மாற்றும் ஒரு தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று அதே மன்றம் சொன்னது. அந்த மசோதா நிறைவேறும் முன்பே 2024 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைந்துவிட்டது, அதோடு அதுவும் போயிற்று.

சரி, யாரையாவது பிடிக்கிறார்களா? 365இல் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் உள்ளே தள்ளுவது அபூர்வம். அதற்காகச் சட்டம் தூங்குகிறது என்று சொல்லிவிட முடியாது. பொலிஸ் கையில் அது ஒரு தடி, அடிப்பதைவிடக் காட்டி மிரட்டுவதற்கே அதிகம் பயன்படுகிறது. கூடவே 1841ஆம் வருடத்து அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு, இரவில் தெருவில் நிற்கும் திருநங்கைகள் மேலும் ஏழைப் பையன்கள் மேலும் அதைத்தான் பாய்ச்சுவார்கள். கைதானவர்களை வைத்தியரிடம் கொண்டுபோய் வலுக்கட்டாயமாக உடல் பரிசோதனை செய்ததை 2020இல் மனித உரிமைக் கண்காணிப்பகமும் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) கொழும்பில் தன்பாலின ஈர்ப்பினர் உரிமைக்காக இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பும் ஆவணமாகவே வெளியிட்டன. இதெல்லாம் யாருக்கு நடந்தது என்று கவனியுங்கள், எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். என் ஒன்பது குழுக்களில், வண்டியில் கூடப் போய், கூடத் தங்கி, கூடச் சாப்பிட்ட ஒருவர் மேலும் இந்தப் பிரிவுகளில் ஒரு முறைப்பாடு வந்ததில்லை. அரசாங்கமே இரண்டு படகில் கால் வைத்திருக்கிறது. 2025 செப்டம்பரில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை இப்படிப்பட்ட பயணிகளை வரவேற்கும் முயற்சிக்கு ஆதரவாக ஈக்குவல் கிரவுண்டுக்குக் கடிதம் கொடுத்தது, உடனே கத்தோலிக்கப் பேராயர் உட்பட மதத் தலைவர்கள் கொதித்தார்கள். டொலர் வேண்டும், கொண்டுவருகிறவனின் வாழ்க்கை வேண்டாம்.

விளம்பரத்தாளில் எனக்கு எரிச்சல் தருவது அந்தப் பௌத்த நாடு என்ற வார்த்தைதான். பௌத்தம் என்பதால் சகிப்புத்தன்மை என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. தாய்லாந்தும் எங்களைப் போலத் தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவைப் பின்பற்றும் நாடு, அங்கே 1956ஆம் வருடத்துச் சட்டக்கோவையிலேயே இது குற்றம் இல்லை, 2025 ஜனவரி 23 முதல் இரண்டு ஆண்கள் சட்டப்படி கல்யாணமே செய்துகொள்ளலாம். மியன்மாரும் தேரவாதம்தான், அங்கே இன்னும் 377. கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைக் கவனிக்கும் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் பெயரே சியாம் நிகாயம், இங்கே உபசம்பதா (பிக்குகளின் முழுத் துறவு) பரம்பரை அறுந்துபோனபோது 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரர் வந்து மீட்டுக் கொடுத்த பரம்பரை அது. வேர் ஒன்று, ஒரு கிளையில் கல்யாணம், இன்னொரு கிளையில் பத்து வருடம். இடையில் என்ன வந்தது என்று பார்த்தால், சியாமை வெள்ளைக்காரன் ஆளவில்லை, எங்களையும் பர்மாவையும் ஆண்டான். பஞ்சசீலத்தில் மூன்றாவதான காமத்தில் தவறான நடத்தை இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை. ஆனால் பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் பண்டகர் (வழக்கமான ஆண் என்ற வகைக்குள் அடங்காதவர்) என்று வகுக்கப்பட்டவர்களுக்குத் துறவு கிடையாது என்பதும் இருக்கிறது, ஆகவே பௌத்தம் முழுக்க உங்கள் பக்கம் என்று யாராவது சொன்னால் அதையும் பாதிதான் நம்ப வேண்டும். என் கணிப்பில் இங்கே சகிப்புத்தன்மை என்று பயணிகளுக்குத் தெரிவது, கேட்காமல் இருக்கும் மரியாதை. கேட்டால் பதில் சொல்ல வேண்டி வரும், பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டி வரும், அதனால் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேட்காமை குழுவுக்குள் இருக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு ஆண்கள் ஒரே அறை எடுப்பது இங்கே ஒரு விஷயமே இல்லை, தோளில் கை போட்டு நடப்பதும் அப்படித்தான், நண்பர்கள் என்று நினைப்பார்கள், ஒரு ஆணும் பெண்ணும் கல்யாணச் சான்றிதழ் இல்லாமல் சின்ன விடுதியில் அறை கேட்டால்தான் முகம் சுருங்கும். சிக்கல் கட்டிலில் வரும். ஒரு பெரிய கட்டில் என்று பதிவு செய்திருப்பார்கள், வரவேற்பறைப் பையன் இரண்டு ஆண்களைப் பார்த்ததும் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்து, உதவி செய்யும் நல்லெண்ணத்தில் ஓடிப்போய் கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடுவான். நாற்பது வருடமாக ஒன்றாக வாழும் எழுபது வயது ஜோடி ஒன்று என் குழுவில் வந்தது, நான்கு விடுதிகளில் மூன்றில் அவர்களுக்கு இது நடந்தது, கடைசியில் அவர்களே தள்ளிச் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். அதே இருவர் கண்டியில் மாலைப் பூசைக்கு வெள்ளை உடுத்து, தாமரைத் தட்டோடு வரிசையில் நின்று, பக்கத்து விகாரையில் ஒரு வயதான தேரரிடம் பிரித் நூல் (ஓதிக் கட்டும் ஆசிக் கயிறு) கட்டிக்கொண்டார்கள். அவர் ஒருவர் கையில் கட்டி முடித்ததும் மற்றவர் கையைத் தானாகவே பிடித்து இழுத்து, நூலை அறுக்காமல் அதே நூலால் அதையும் சுற்றினார், பிறகுதான் நடுவில் அறுத்தார். அவருக்குப் புரிந்து செய்தாரா, நூலை மிச்சம் பிடித்தாரா என்று நான் கேட்கவில்லை. நானும் இந்த நாட்டுக்காரன்தானே.

கே குழு மட்டுமில்லாமல் எல்லாக் குழுவும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, புத்தர் சிலையும் புகைப்படமும். இதில் சட்டம் உண்மையாகவே கடிக்கும். 2012இல் புத்தர் சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோலப் படம் எடுத்த மூன்று பிரெஞ்சுப் பயணிகளைக் காலியில் படம் கழுவக் கொடுத்த கடைக்காரரே பொலிசுக்குச் சொல்லி, ஒத்திவைத்த ஆறு மாதச் சிறை கிடைத்தது. 2014இல் கையில் தாமரை மேல் புத்தர் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணை விமான நிலையத்திலேயே பிடித்து நாடு கடத்தினார்கள், அது தவறு என்று உயர் நீதிமன்றம் 2017இல் அவருக்கு நஷ்டஈடு கொடுத்தது, ஆனால் நஷ்டஈட்டுக்கு மூன்று வருடம் காத்திருக்க உங்களுக்கு விருப்பமா? உடம்பில் அப்படிப் பச்சை ஏதும் இருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள். சிலைக்கு முதுகு காட்டி செல்பி வேண்டாம், முழங்கால் மூடியிருக்கட்டும். மலை உச்சியில் கால்சட்டையைக் கீழே இறக்கிப் படம் எடுக்கும் ஒரு பழக்கம் கே குழுக்களில் பரவியிருக்கிறது, 2018இல் சிகிரியாவுக்குப் பக்கத்துப் பிதுரங்கல குன்றில் அதைச் செய்த உள்ளூர்ப் பையன்களையே கைது செய்தார்கள், அதுவும் புனித இடம் என்று. என் குழுவில் முதல் நாள் இரவு உணவிலேயே இதைச் சொல்லிவிடுவேன், சிலர் என்னைப் பழமைவாதி என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இந்தப் பயணத்தில் பணத்துக்கு மதிப்பான இடம் எது என்று கேட்டால் நான் சிகிரியாவைச் சொல்ல மாட்டேன், அதை எந்தக் குழுவோடும் பார்க்கலாம். பெந்தோட்டைக்குப் பக்கத்து அளுத்கமவிலிருந்து உள்ளே போகும் பிரீஃப் தோட்டத்தைச் சொல்வேன். பெவிஸ் பாவா என்ற மனிதர், ஆறரை அடி உயரம், ஆங்கிலேய ஆளுநர்களுக்கு மெய்த்துணை அதிகாரியாக இருந்தவர், அப்பா ஒரு வழக்கில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய ரப்பர் தோட்டத்தை 1929 முதல் கொஞ்சம் கொஞ்சமாகப் பூங்காவாக மாற்றினார், பிரீஃப் என்றால் வக்கீல் எடுக்கும் வழக்கு, வழக்குப் பணம் என்பதால்தான் அந்தப் பெயர். வளைந்து வளைந்து இறங்கும் பாதைகள், பாசி பிடித்த படிகள், மரத்துக்குப் பின்னால் திடீரென்று ஒரு நிர்வாண ஆண் சிலை, குளியலறைக்கு வெளியே இன்னொன்று. தன்னை மறைத்துக்கொள்ள அவர் பெரிதாக முயலவில்லை, 365 உயிரோடு இருந்த நாட்டில், அந்தக் காலத்தில். அவருடைய தம்பி ஜெப்ரி பாவா, இந்தத் தோட்டத்தைப் பார்த்துத்தான் தனக்கும் ஒன்று வேண்டும் என்று 1940களின் கடைசியில் பெந்தோட்டை ஏரிக்கரையில் லுனுகங்காவை வாங்கினார், பிறகு ஆசியாவின் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவர் ஆனார். தம்பி அண்ணனைப் போல இல்லை, தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி வாயே திறக்காதவர், ஆனாலும் தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். கொழும்புக்குப் பக்கத்து ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேயில் ஏரி நடுவில் செப்புக் கூரையோடு நிற்கும் நாடாளுமன்றம் ஜெப்ரி கட்டியது, 1982இல் திறந்தார்கள். 1995இல் 365ஏவை விரித்த அந்தத் திருத்தம் நிறைவேறியது அந்தக் கூரைக்குக் கீழேதான். இதை நான் வண்டியில் சொல்லும்போது பின்சீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்களும் அமைதியாகிவிடுவார்கள்.

கொழும்பில் கில்ட்போர்ட் கிரசென்டில் லயனல் வென்ட் அரங்கு இருக்கிறது, அதையும் நிகழ்ச்சி நிரலில் கேட்டுப் போடச் சொல்லுங்கள். வென்ட் வக்கீலுக்குப் படித்து, பியானோ வாசித்து, கடைசியில் கேமராவில் விழுந்தவர், 1944இல் இறக்கும்போது 44 வயது. இலங்கையின் நவீன ஓவியத்தைத் தொடங்கிய, '43 குழு' என்ற பெயர் கொண்ட ஓவியர்கள் கூடியது அவர் வீட்டில்தான். உழைக்கும் ஆண்களின் உடம்பை வெளிச்சத்திலும் நிழலிலும் அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை. பல நிறுவனங்கள் இதை விட்டுவிட்டு ரத்தினக் கடைக்கும் மசாலாத் தோட்டத்துக்கும் அரை நாள் ஒதுக்குகின்றன, காரணம் அங்கே தரகு கிடைக்கும், செத்துப்போன புகைப்படக்காரர் யாருக்கும் தரகு தர மாட்டார்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். அது வண்டியிலும் விகாரையிலும் இல்லை, இரவு பத்து மணிக்கு மேல் கைபேசியில் இருக்கிறது. இங்கே தாய்லாந்தின் சீலோம் தெரு போல வெளிப்படையான கே மதுக்கடைத் தெரு எதுவும் கிடையாது, கொழும்பில் நடக்கும் விருந்துகள் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் மூலம் நடக்கின்றன, ஆகவே மற்ற எல்லோரும் ஆள் தேடுவது கைபேசிச் செயலியில்தான். பல வருடத்துக்கு முன் தென்மேற்குக் கரையில் ஒரு ஊர், ஐம்பத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செயலியில் பேசிய ஒரு பையனைக் கடற்கரைப் பக்க வாசல் வழியாக அறைக்கு அழைத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் கதவு தட்டும் சத்தம், வெளியே இரண்டு பேர், தாங்கள் சிஐடி என்றார்கள். கையில் இருந்த பணம் போயிற்று, பிறகு பணம் எடுக்கும் இயந்திரம் வரை நடத்திக்கொண்டு போய் இன்னும் எடுக்க வைத்தார்கள். எனக்கு அழைப்பு வந்தது ஒன்றரை மணிக்கு. முறைப்பாடு கொடுப்போம், நான் கூட வருகிறேன் என்றேன். அந்த நேரத்தில் அறையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 365ஏ இருக்கும்வரை யாரிடமும் இருக்காது, மிரட்டுகிறவனின் தைரியமே அதுதான். அந்தப் பையன் அவர்களில் ஒருவனா, அவனையும் மிரட்டித்தான் இதற்கு அனுப்பினார்களா என்று இன்றும் யோசிப்பேன். விருந்தினர் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார், பையன் இந்த ஊரில்தான் இருக்கிறான். ஆகவே யாரையாவது சந்திக்கத்தான் வேண்டும் என்றால் பகலில், வெளியில், ஒரு தேநீர்க் கடையில், முதலில் காணொளியில் முகம் பார்த்துவிட்டு. உங்கள் பாதுகாப்புக்கு மட்டும் சொல்லவில்லை. கடற்கரையில் தானாக வந்து பேசும் பீச் போய் என்கிற கடற்கரைப் பையன்களிடம் பொதுவாகவே கவனம், வயது தெரியாத பையன் என்றால் பேச்சையே வெட்டிவிடுங்கள். எங்கள் கரையோரத்துக்குச் சிறுவர்கள் விஷயத்தில் கேவலமான ஒரு சரித்திரம் உண்டு, சட்டமும் அங்கே பத்து முதல் இருபது வருடம் வரை போகும், போக வேண்டும். என் குழுவில் அப்படி ஒருவரைச் சந்தேகித்தால் நானே பொலிசைக் கூப்பிடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இனி நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி. குழுவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் பாதி அவர்கள் தோலின் நிறத்துக்குக் கிடைப்பது, தம்பி, அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. லண்டனிலிருந்து வந்த, பூர்வீகம் குஜராத்தான ஒருவர் என் குழுவில் இருந்தார். ஒரு இரவு அவரும் ஒரு ஆஸ்திரேலியரும் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரை ஓரமாக நடந்து வந்திருக்கிறார்கள், இவர் அன்று வாங்கிய சாரம் (லுங்கி) கட்டியிருந்தார். ரோந்து வந்த பொலிஸ்காரர் வெள்ளைக்காரரிடம் குட் நைட் சார் என்றாராம், இவரிடம் சிங்களத்தில் அடையாள அட்டை கேட்டாராம். இவர் ஆங்கிலத்தில் பதில் சொன்ன பிறகும் நம்பவில்லை, சுற்றுலாப் பயணியோடு ஒட்டிக்கொண்டு திரியும் உள்ளூர்ப் பையன் என்றே நினைத்திருக்கிறார். நான் போய்ப் பேசி முடிக்க இருபது நிமிடம், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அவர் மறுநாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. உங்களுக்கும் இது நடக்கலாம், அதோடு நீங்கள் பேசுவது தமிழ் என்பதால், சிங்களப் பகுதியில் நள்ளிரவில் அடையாள அட்டை இல்லாத ஒரு தமிழ்ப் பையன் என்பது எங்கள் பொலிசுக்கு முப்பது வருடம் பழகிய வேறொரு கோப்பு. யுத்தம் 2009இல் முடிந்தது, பழக்கம் முடிய நேரம் எடுக்கும். அதனால் கடவுச்சீட்டின் நகலையும் நுழைவு அனுமதி முத்திரையின் படத்தையும் எப்போதும் கையில் வைத்திருங்கள், மறித்தால் தமிழில் தொடங்காமல் ஆங்கிலத்தில் பேசுங்கள், விடுதி அட்டையைக் காட்டுங்கள், பிரச்சினை என்றால் சுற்றுலாப் பயணிகளுக்கான 1912க்கு அழையுங்கள். நாளைக்கே இது நடக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஒன்பது குழுவில் ஒரு முறை பார்த்தது, அவ்வளவுதான்.

உடல்நலம் பற்றி இரண்டு வரி. ஆணுறை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். எச்ஐவி வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை எடுப்பவர் என்றால் பன்னிரண்டு நாளுக்கும் மேல் ஒரு வாரத்துக்கும் வைத்தியர் சீட்டோடு கொண்டுவாருங்கள். ஏதாவது பிசகிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், கொழும்பில் டி சேரம் பிளேஸில் இருக்கும் அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம், அங்கே இருப்பவர்கள் பொலிஸ் மாதிரிப் பேச மாட்டார்கள்.

முன்பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்திடம் சிலவற்றைக் கேளுங்கள், பதிலைவிடப் பதில் வரும் விதத்தைப் பாருங்கள். இலங்கையில் அவர்களுக்காக வண்டி ஓட்டுகிறவருக்கும் வழிகாட்டிக்கும் இது கே குழு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறதா? சொல்லாமல் கூட்டிவந்து நான்காம் நாள் தெரிந்துகொண்ட ஓட்டுநர் ஒருவரோடு நான் மீதி எட்டு நாள் ஓட்டியிருக்கிறேன், வண்டிக்குள் காற்றே கனத்துப்போகும். அறைக்கு விருந்தினரை அழைத்துவருவது பற்றி அவர்கள் விதி என்ன, நள்ளிரவில் ஏதாவது ஆனால் யார் போனை எடுப்பார்? குழுப் படங்களையும் விடுதிப் பெயர்களையும் இணையத்தில் போடுவார்களா? வீட்டில் தெரியாது என்கிறீர்கள், அவர்களோ அடுத்த வருட விளம்பரத்துக்கு உங்கள் முகத்தைத்தான் முன்னால் வைப்பார்கள், ஏனென்றால் பதினான்கு பேரில் இளையவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். படம் வேண்டாம் என்று எழுத்தில் வாங்குங்கள். தேதியையும் நாட்காட்டியில் பாருங்கள், ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே போயா விடுமுறை, மது விற்பனை கிடையாது, கடைசி இரவு விருந்து அன்றைக்கு விழுந்தால் எலுமிச்சைச் சாறுதான். காலி, பெந்தோட்டைக் கடல் டிசம்பர் முதல் மார்ச் வரை குளிக்க நல்லது, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கொந்தளிக்கும்.

பணம் கட்டலாமா என்றால், என் கருத்து இது, மற்ற வழிகாட்டிகள் வேறு மாதிரிச் சொல்லலாம். இடங்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். உங்களுக்குத் தமிழ் தெரியும், சோறும் காரமும் பழகியது, ஒரு ஓட்டுநரை அமர்த்திக்கொண்டு பாதிக்கும் குறைந்த செலவில் இதே பாதையைச் சுற்றிவிடலாம், குழுவில் தனி அறைக்கு வாங்கும் கூடுதல் கட்டணமே மனதை உறுத்தும். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி இருந்தது, பன்னிரண்டு நாளாவது பொய் சொல்லாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார வேண்டும் என்று. அதற்காக என்றால் கட்டுங்கள். அறுபது வயது ஆண்கள் தங்கள் முதல் காதலைப் பற்றியும் எண்பதுகளில் எயிட்சில் பறிகொடுத்த நண்பர்களைப் பற்றியும் எல்ல மலைச்சரிவில் ஒரு விடுதித் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதை நான் வெளியே நின்று கேட்டிருக்கிறேன். அது எந்தப் பயணத்தாளிலும் இருக்காது, தனியாக ஓட்டுநரோடு போனால் கிடைக்கவும் கிடைக்காது.

அப்புறம், குழு முடிந்ததும் தனியாக நான்கு நாள் யாழ்ப்பாணம் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். இந்த வகைக் குழுக்கள் அங்கே போவது குறைவு, நான் ஒரே ஒரு முறை கூட்டிப்போனேன், நல்லூர்க் கந்தசாமி கோவிலில் ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று சொன்னதும் இதைவிட நல்ல விதி உலகத்தில் எந்தக் கோவிலில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், வாசலில் செருப்புக் காப்பவர் என்ன சிரிப்பு என்று என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்க்கவில்லை. அங்கே உங்கள் பிரச்சினை பொலிஸ் இல்லை, தமிழ்தான். தெற்கில் நீங்கள் யாரோ ஒருவர். யாழ்ப்பாணத்தில் வாயைத் திறந்ததும் எந்த ஊர், யாருடைய பிள்ளை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று மூன்று கேள்வி வரிசையாக வரும், தேநீர் தருகிற அம்மாவிடம் தப்பவே முடியாது. மூன்றாவதுக்கு ஒரு பதிலைப் பேருந்திலேயே யோசித்து வையுங்கள். போகும்போது ஒரு வேட்டி கொண்டுபோங்கள், நல்லூர்த் திருவிழா ஆடி ஆவணியில் 25 நாள் நடக்கும், அந்த நாட்களில் அறை வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.